கஸ்டம் ரோம் ஏற்றும்போது போன் நின்றுபோனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கம்பெனி அப்டேட் நிறுத்திவிட்ட போனில் லினேஜ் ஓஎஸ் மாதிரி ஒரு கஸ்டம் ரோமை (கம்பெனி ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக வெளியார் செய்த ஆண்ட்ராய்டை) ஏற்றினால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். வேலை பாதியில் நின்றதும் "போன் டெட்" என்று பயந்து, கிடைத்த ஃபைலை எல்லாம் ஏற்றிப் பார்ப்பதும் நடக்கிறது. ரோம் ஏற்றுவதால் போன் உண்மையிலேயே சாவது குறைவு. நின்ற பிறகு பதற்றத்தில் செய்கிற இரண்டாவது காரியம்தான் பெரும்பாலும் அதைக் கொல்கிறது.

எனவே எந்த நிலையில் நின்றது என்று முதலில் பாருங்கள். போனில் நான்கு அடுக்கு உண்டு. மேலே ஆண்ட்ராய்டு, அதன் கீழே ரெக்கவரி (ரோமை ஏற்றவும் டேட்டாவை அழிக்கவும் உதவும் சிறு நிரல்), அதற்கும் கீழே ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து போனின் பகுதிகளை எழுத உதவும் நிலை), எல்லாவற்றுக்கும் அடியில் சிப்பின் அவசர நிலை. குவால்காம் சிப்பில் இதற்கு இடிஎல் என்று பெயர். மீடியாடெக்கில் பிரிலோடர், பிராம். மேல் அடுக்கு போனாலும் கீழ் அடுக்கு பேசுகிறது என்றால் மீட்கலாம். ஃபாஸ்ட்பூட் திரை வருகிற போனை டெட் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கணினியிலிருந்து போனுக்கு ஏடிபி, ஃபாஸ்ட்பூட் என்ற இரண்டு கருவிகளால் கொடுக்கும் கட்டளைகளைக் கீழே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

தொடங்கும் முன்

பேட்டரி 60 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். பூட்லோடரை (போனை எழுப்பும் முதல் நிரல், கம்பெனி பூட்டி வைத்திருக்கும்) திறக்கும்போது உள் சேமிப்பு முழுதும் அழியும்; போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிடுங்கள். செட்டிங்ஸில் போய்க் கூகுள் கணக்கை நீக்குங்கள். இல்லையென்றால் பிறகு பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டு போன் பூட்டிக்கொள்ளும்.

இறக்கிய ரோமின் எஸ்எச்ஏ256 எண் (ஃபைல் கெடாமல் வந்ததா என்று காட்டும் குறியீடு), ரோமின் பக்கத்தில் இருப்பதோடு ஒத்திருக்கிறதா என்று சரிபாருங்கள். விண்டோஸில் "செர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்" என்று தட்டி, ஃபைல் பெயர், கடைசியில் எஸ்எச்ஏ256. ஒரு ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல், நடுவில் நெட் அறுந்து தொடர்ந்திருந்தால் பார்ப்பதற்கு முழுசாகத் தெரியும், உள்ளே கெட்டிருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பில் செய்யுங்கள், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வேண்டும். ரோம் ஏறும்போது நின்றால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஃபர்ம்வேர் (சிப், மோடம் போன்றவற்றை இயக்கும் கம்பெனியின் அடிப்படை ஃபைல்கள்) ஏற்றும் ஸ்கிரிப்ட் நடுவில் நின்றால் அப்படி இல்லை: போனை எழுப்பும் ஃபைல்களான எக்ஸ்பிஎல் ஒரு பதிப்பும் ஏபிஎல் வேறு பதிப்புமாகக் கலந்து, ஃபாஸ்ட்பூட்டே வராமல் போகலாம். அப்படி நின்றுவிட்டால் போனை அணைக்காதீர்கள், ரீஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். ஃபாஸ்ட்பூட் திரையிலேயே வைத்திருந்து, கரண்ட் வந்ததும் ஸ்கிரிப்டை முதலிலிருந்து ஓட்டுங்கள்.

கணினிக்குப் போன் தெரியவே இல்லை

"ஏடிபி டிவைசஸ்" தட்டினால் வெறும் பட்டியல். "ஃபாஸ்ட்பூட்" கட்டளை "வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்" என்று நிற்கிறது. முதல் சந்தேகம் கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் கடைகளில் நிறைய உண்டு, அவற்றில் டேட்டா கம்பியே இருக்காது.

கடற்கரை ஊர்களில் இரண்டாவது சந்தேகம் போனின் போர்ட். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் உப்புக்காற்றில் இருக்கிற போனின் டைப்-சி போர்ட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் நிற்கும் நாக்கு போன்ற தகட்டில் தங்க நிறக் கோடுகள் வரிசையாக இருக்க வேண்டும். அதில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்கு தட்டியிருந்தால் டேட்டா தொடர்பு விட்டுவிட்டுத்தான் வரும். சார்ஜ் ஏறுகிறதே, போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சார்ஜுக்கு வேறு பின்கள், டேட்டாவுக்கு வேறு பின்கள். போனை அணைத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷைத் தோய்த்து நாக்கின் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். அரைமணி நேரம் காயவிடுங்கள். குண்டூசி வைத்துச் சுரண்டினால் பின் வளைந்துவிடும். போர்ட் ஆடுகிறது, கேபிளைத் தொட்டால் தொடர்பு போகிறது என்றால் அதை மாற்றிவிட்டுத்தான் ரோம் வேலையைத் தொட வேண்டும்.

கேபிளும் போர்ட்டும் சரி என்றால் டிரைவர். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் "ஆண்ட்ராய்டு" என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். கூகுள் யுஎஸ்பி டிரைவரை இறக்கி, பட்டியலில் "ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் "நோ பெர்மிஷன்ஸ்" என்று வந்தால் யுடெவ் விதிகளைச் சேருங்கள், அல்லது சூடோ போட்டு ஓட்டுங்கள். "அன்ஆதரைஸ்டு" என்று வந்தால் கோளாறு எதுவும் இல்லை. போன் திரையில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும், ஓகே கொடுங்கள்.

இன்னொன்று, பலரை அலைக்கழிப்பது. ஏஎம்டி ரைசன் கணினியில் ஃபாஸ்ட்பூட் கட்டளை கொடுத்ததும் போன் திரை கறுத்து, மூலையில் சின்ன எழுத்தில் "பிரஸ் எனி கீ டு ஷட்டவுன்" என்று வரும். யுஎஸ்பி 3 போர்ட்டோடு ஒத்துப்போகாததால் வருவது இது. சாதாரண யுஎஸ்பி 2 ஹப் ஒன்றை நடுவில் போட்டு, அதில் போனைச் செருகுங்கள், சரியாகிவிடும்.

பூட்லோடர் திறக்க மறுக்கிறது

டெவலப்பர் ஆப்ஷனில் "ஓஇஎம் அன்லாக்கிங்" போட்டால்தான் திறக்கும். பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் வரும். பிக்சல், மோட்டோரோலா, ஷாவ்மி ஒவ்வொன்றுக்கும் முறை வேறு. ஷாவ்மியில் மி கணக்கை மொபைல் டேட்டாவில் இணைக்க வேண்டும், வை-ஃபையில் அல்ல. அதன் பிறகு மி அன்லாக் கருவி 168 மணி நேரம் போல ஒரு காத்திருப்பு சொல்லும். அந்தக் காலத்தில் கணக்கை மறுபடி இணைத்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஷாவ்மியின் புதிய மென்பொருளான ஹைப்பர்ஓஎஸ் வந்த போன்களில் ஷாவ்மி கம்யூனிட்டி செயலியில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அன்றைய ஒதுக்கீடு பெய்ஜிங் நள்ளிரவில் திறக்கும், நமக்கு இரவு 9.30 மணி.

ஹுவாவே 2018-இலேயே அன்லாக் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. விவோ வழி தருவதில்லை. இந்த இரண்டிலும் காசு வாங்கிக்கொண்டு திறந்து தருகிறோம் என்பவர்களிடம் போனைக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் திறந்த போனில் வேறு ரெக்கவரியோ ரோமோ ஏற்றினால் நாக்ஸ் எண் (கம்பெனி மென்பொருள் மாற்றப்பட்டதா என்று காட்டும் எண்) 0-இலிருந்து 1 ஆகும். அதன் பிறகு செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் அந்தப் போனில் திரும்ப வராது.

"நாட் அலவ்டு இன் லாக்டு ஸ்டேட்" என்று செய்தி வந்தால் பூட்லோடர் இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் அதே பதில்தான்.

ஏற்றிய ரெக்கவரி காணாமல் போகிறது

"ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ரெக்கவரி" ஓகே என்று சொல்லும். போனை ஒருமுறை ஆண்ட்ராய்டுக்குள் விட்டு மறுபடி ரெக்கவரிக்குப் போனால் பழைய கம்பெனி ரெக்கவரியே நிற்கும். கம்பெனி ஆண்ட்ராய்டு ஒவ்வொரு முறை எழும்போதும் தன் ரெக்கவரியைத் திரும்ப எழுதிவிடுவதால் இப்படி. ஏற்றியதும் கேபிளைப் பிடுங்கி, வால்யூம் அப் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அமுக்கி, நேரே ரெக்கவரிக்குப் போய்விடுங்கள்.

"பார்ட்டிஷன் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் இரண்டில் ஒன்று. ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் (ஆண்ட்ராய்டை இரண்டு பிரதியாக வைக்கும் இடம்) உள்ள பல போன்களில் ரெக்கவரிக்குத் தனிப் பகுதியே கிடையாது. பூட் அல்லது வெண்டர்_பூட் பகுதிக்குள் இருக்கும். உங்கள் மாடலுக்கான பக்கத்தில் எந்தப் பகுதி என்று போட்டிருப்பார்கள், அதை மட்டும் பின்பற்றுங்கள். இரண்டாவது, சிஸ்டம் பகுதியை எழுதப் பார்க்கும்போது இதே செய்தி வந்தால்: ஆண்ட்ராய்டு 10-ஓடும் அதற்குப் பிறகும் வந்த போன்களில் சிஸ்டம், வெண்டர், பிராடக்ட் மூன்றும் சூப்பர் என்ற ஒரே பகுதிக்குள் இருக்கும். சாதாரண ஃபாஸ்ட்பூட்டுக்கு அவை தெரியாது. "ஃபாஸ்ட்பூட் ரீபூட் ஃபாஸ்ட்பூட்" கொடுத்தால் ஃபாஸ்ட்பூட்-டி என்ற இன்னொரு திரைக்குப் போகும். அங்கே எழுதும்.

ரெக்கவரியில் கோப்புறைப் பெயர்கள் கிறுக்கலாக இருக்கின்றன, சேமிப்பு 0 எம்பி காட்டுகிறது

டேட்டா பகுதி பழைய ரோமின் சாவியால் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. "ஃபெயில்டு டு மவுண்ட் டேட்டா" வந்தாலும் பெரும்பாலும் இதே காரணம். சாதாரண "வைப்" (மேலோட்டமாக அழிப்பது) போதாது, "ஃபார்மட் டேட்டா" வேண்டும். டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரியில் யெஸ் என்று தட்டச்சு செய்யச் சொல்லும். உள் சேமிப்பில் வைத்திருந்த ரோம் ஃபைலும் சேர்ந்து போய்விடும் என்பதால் ரோமை எஸ்டி கார்டிலோ கணினியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிப் ஏறவில்லை

எரர் 7 வந்தால் அடுத்த வரியைப் படியுங்கள். "இந்தப் பேக்கேஜ் இன்ன டிவைசுக்கு, உங்கள் டிவைஸ் இன்னது" என்று இரண்டு குறிப்பெயர் இருக்கும். விற்பனைப் பெயரை நம்பி ரோம் இறக்கியதால் வருகிற பிழை இது. ரெட்மி நோட் 9 ப்ரோ என்று இந்தியாவில் விற்ற போன் கர்டானா. அதே பெயரில் வெளிநாட்டில் விற்றது ஜோயூஸ். ரெட்மி நோட் 7 லாவெண்டர், நோட் 7 ப்ரோ வயலட், சிப்பே வேறு. "ஃபாஸ்ட்பூட் கெட்வார் பிராடக்ட்" என்று கேட்டால் போன் தன் குறிப்பெயரைச் சொல்லும். அதை வைத்து ரோம் தேடுங்கள்.

இணையத்தில் இதற்கு ஒரு "தீர்வு" சொல்வார்கள்: ஜிப்பைப் பிரித்து, அப்டேட்டர் ஸ்கிரிப்டில் அசெர்ட் என்ற வரியை அழித்துவிட்டு ஏற்றலாம் என்று. செய்யாதீர்கள். வேறு போனின் ஃபைல் உங்கள் போனில் எழுதப்படாமல் தடுப்பது அந்த வரிதான். உங்கள் டிவைஸ் என்ற இடம் வெறுமையாக இருந்தால் மட்டும் விஷயம் வேறு. ரெக்கவரி பழையது, பெயரைப் படிக்கத் தெரியவில்லை. ரெக்கவரியைப் புதிதாக்குங்கள்.

"ஏடிபி சைட்லோட்" 47 சதவீதத்தில் நின்று, "ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்" என்று கணினி சொல்கிறதா? ஏறி முடிந்திருக்கும். போன் திரையில் பிழை எதுவும் இல்லை என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். இந்த இடத்தில் கேபிளைப் பிடுங்கித் திரும்பத் திரும்ப ஏற்றுகிறவர்கள் ஏராளம்.

கூகுள் செயலிகளை ஏற்றும்போது லினேஜ் ரெக்கவரி "சிக்னேச்சர் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு" என்று கேட்கும். அந்த ஃபைலில் லினேஜின் கையொப்பம் இருக்காது என்பதால் அது எதிர்பார்த்ததே, யெஸ் கொடுங்கள். ரோம் ஃபைலுக்கே இப்படிக் கேட்டால் யெஸ் கொடுக்காமல் எஸ்எச்ஏ256-ஐத் திரும்பப் பாருங்கள். எரர் 70 என்றால் சிஸ்டம் பகுதியில் இடம் இல்லை, சிறிய கூகுள் பேக்கேஜ் தேடுங்கள்.

லோகோவிலேயே சுற்றுகிறது

முதல் முறை எழும்போது 15 நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் பவர் பட்டனைத் தொட வேண்டாம். 15 நிமிடம் தாண்டினால், எந்த லோகோ என்று பாருங்கள். முழு விடையும் அதில்தான் இருக்கிறது.

கம்பெனி லோகோ வந்து, அணைந்து, மறுபடி அதே லோகோ வந்தால் ஆண்ட்ராய்டு தொடங்கவே இல்லை. கெர்னல் (ஆண்ட்ராய்டின் மையப் பகுதி) எழவில்லை, அல்லது சரிபார்ப்பு அதை நிறுத்திவிட்டது. சரிபார்ப்பு என்றால் ஏவிபி, போன் எழும்போது ஃபைல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது. கம்பெனியின் விபிமெட்டா பகுதி, நீங்கள் மாற்றிய பகுதியை ஏற்க மறுக்கும். கம்பெனி ரோமில் இருந்த அதே விபிமெட்டா ஃபைலை எடுத்து, "ஃபாஸ்ட்பூட் --டிஸேபிள்-வெரிட்டி --டிஸேபிள்-வெரிஃபிகேஷன் ஃபிளாஷ் விபிமெட்டா விபிமெட்டா.ஐஎம்ஜி" என்று ஏற்றுங்கள். எல்லாப் போனுக்கும் இது தேவைப்படாது. ரோமின் குறிப்பில் சொல்லியிருந்தால் மட்டும். மீடியாடெக் போனில் "ஆரஞ்ச் ஸ்டேட்" என்று எழுதி 5 நொடி நின்றால் அது கோளாறு அல்ல, பூட்லோடர் திறந்திருப்பதன் அறிவிப்பு.

இன்னொரு காரணம் பழைய ஃபர்ம்வேர். ஆண்ட்ராய்டு 14 ரோமை ஏற்றுகிறோம். போனுக்குள் இருக்கும் மோடம் (சிக்னல் பகுதி), டிரஸ்ட்சோன் (பாதுகாப்புப் பகுதி) ஃபைல்கள் ஆண்ட்ராய்டு 11 காலத்தவை. ரோமின் பக்கத்தில் "இன்ன பதிப்புக் கம்பெனி ஃபர்ம்வேர் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும், அதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். இரண்டு ஸ்லாட் போனில் இது இன்னும் சிக்கலாகும். கம்பெனி அப்டேட் ஒரு ஸ்லாட்டை மட்டும் புதிதாக்கியிருக்கும், ரோம் மற்ற ஸ்லாட்டில் ஏறியிருக்கும், அங்கே ஃபர்ம்வேர் பழையது. "ஃபாஸ்ட்பூட் கெட்வார் கரண்ட்-ஸ்லாட்" எந்த ஸ்லாட் என்று சொல்லும். லினேஜ் சில மாடல்களுக்கு, ரோம் ஏற்றும் முன் "காப்பி பார்ட்டிஷன்ஸ்" என்ற ஜிப்பை ஏற்றச் சொல்வது இதற்காகத்தான். கம்பெனி ரோமோடு இருக்கும்போதே, முதல் வேலையாக அதை ஏற்ற வேண்டும்.

கம்பெனி லோகோ தாண்டி ரோமின் அனிமேஷன் சுற்றிக்கொண்டே இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். கெர்னல் ஏறிவிட்டது, ஆண்ட்ராய்டு தொடங்கி உள்ளே தடுக்குகிறது. பெரும்பாலும் பழைய டேட்டா மிச்சம் இருக்கும். ரெக்கவரிக்குப் போய் ஃபார்மட் டேட்டா. அப்படியும் நிற்கிறது என்றால் கூகுள் செயலிப் பேக்கேஜின் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். லினேஜ் 21 என்றால் ஆண்ட்ராய்டு 14. 22 என்றால் 15. 23 என்றால் 16. இந்த எண் குழப்பத்தில் மாறிப்போகிறது. கூகுள் இல்லாமல் ரோமை மட்டும் ஏற்றி எழுப்பிப் பாருங்கள். எழுந்துவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

"செட்டப் விசார்ட் கீப்ஸ் ஸ்டாப்பிங்"

ரோமை ஏற்றி, ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிட்டு, பிறகு கூகுள் பேக்கேஜை ஏற்றியிருக்கிறீர்கள். ரோம் ஏறிய கையோடு, எழுப்பும் முன்பே அதை ஏற்ற வேண்டும். இரண்டு ஸ்லாட் போனில் இடையில் ரெக்கவரியை ஒருமுறை ரீபூட் செய்வது அவசியம். இல்லையென்றால் பேக்கேஜ் பழைய ஸ்லாட்டுக்குள் போய்விடும். இப்போது ஃபார்மட் டேட்டா செய்து, முதலிலிருந்து.

சிம் எடுக்கவில்லை

*#06# அடியுங்கள். இதில் வருவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்) சரியாக வருகிறது, சிக்னல் மட்டும் இல்லை என்றால் மோடம் ஃபர்ம்வேர் பொருந்தவில்லை. உங்கள் மாடலுக்கான சரியான ஃபர்ம்வேரை ஏற்றினால் வந்துவிடும். சிக்னல் இருக்கிறது, நெட் இல்லை என்றால் ஏபிஎன் (சிம்மின் நெட் இணைப்பு அமைப்பு). ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்.

ஐஎம்இஐ வெறுமையாகவோ 0 என்றோ வந்தால் உடனே கையை எடுங்கள். அந்த எண்ணும் ரேடியோ அளவீடுகளும் இருக்கும் பகுதி கெட்டிருக்கிறது. குவால்காமில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, மீடியாடெக்கில் என்விராம், என்விடேட்டா, சாம்சங்கில் இஎஃப்எஸ். இவை ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி. வேறு போனிலிருந்து, அதே மாடலாகவே இருந்தாலும், கொண்டுவந்து எழுதக் கூடாது. பெர்சிஸ்ட் பகுதியும் அப்படித்தான். சென்சார் அளவீடுகள் அதில் இருக்கின்றன. ரோம் ஏற்றும் முன்பே ரெக்கவரியின் பேக்கப் பக்கத்தில் இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் இரண்டையும் டிக் போட்டு எடுத்திருந்தால், அதைத் திரும்ப ஏற்றினால் முடிந்தது. அந்தப் பேக்கப்பைப் போனுக்குள் வைத்தால் ஃபார்மட் டேட்டாவில் அதுவும் போகும். கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று வையுங்கள். சில எம்பிதான் இருக்கும்.

பேக்கப் இல்லாமல் கடைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற என்வி டேட்டாவ அப்படியே ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க." கெட்டுப்போன நகலில்கூட மீட்கக் கூடியது மிச்சம் இருக்கலாம். வேறு எண்ணை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐஎம்இஐயைத் திருத்துவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நெட் ஓடுகிறது, கால் மட்டும் போகவில்லை

ஜியோ சிம்மில் இது அடிக்கடி வரும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது; வோல்டிஇ (4ஜி வழியே பேசும் முறை) இல்லாவிட்டால் கால் போக வழியே இல்லை. அதே போனில் ஏர்டெல் சிம் போட்டால் 2ஜிக்கு இறங்கிப் பேசிவிடும், கோளாறு மறைந்துகொள்ளும். அதனால் ரோம் ஏற்றியதும் ஜியோ சிம் போட்டுச் சோதியுங்கள். *#*#4636#*#* அடித்து, போன் தகவல் பக்கத்தில் ஐஎம்எஸ் (வோல்டிஇ ஓடத் தேவையான சேவை) நிலையைப் பாருங்கள். "ரெஜிஸ்டர்டு" என்று இருக்க வேண்டும். ஜிஎஸ்ஐ வகைப் பொது ரோம்களில் இது பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் கம்பெனியின் ஐஎம்எஸ் செயலி அந்த ரோமில் இல்லை. உங்கள் மாடலுக்கென்றே செய்த ரோமுக்கு மாறுவதுதான் நிலையான தீர்வு.

ஜிபிஎஸ் இடம் பிடிக்க நேரமாகிறது

ரோம் மாறியதும் போனிடம் செயற்கைக்கோள் விவரம் எதுவும் இருக்காது. கரையில் நெட் இருந்தால் அந்த விவரத்தை இணையத்திலிருந்து எடுத்துச் சில நொடியில் இடத்தைச் சொல்லிவிடும். கடலுக்குள் நெட் இல்லாத இடத்தில் விண்ணிலிருந்தே வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தைச் சொல்ல 30 நொடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் வந்து முடிய 12.5 நிமிடம். எனவே தொழிலுக்குப் போகிறவர்கள் போனை மாற்றிய அன்றே, கரையில், திறந்த வெளியில் டேட்டாவைப் போட்டுக்கொண்டு ஜிபிஎஸ்ஸை ஒரு கால்மணி நேரம் ஓடவிடுங்கள். வெட்டவெளியிலும் பிடிக்கவில்லை என்றால் மோடம் ஃபர்ம்வேரில் கோளாறு. புதிதாக ரோம் ஏற்றிய போனை ஒரே துணையாக நம்பிப் படகேற வேண்டாம்.

இதோடு சேர்த்து, செட்டிங்ஸில் "வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்" என்று தேடிப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்த மாவட்டம் இது. டவர் வழியாக எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் அபாயச் செய்தி அனுப்பும் செல் பிராட்காஸ்ட் முறையை 2023-இல் நாட்டின் பல பகுதிகளில் சோதித்தார்கள். சில ரோம்களில் அந்தச் செயலியே இருக்காது, சிலவற்றில் அணைத்து வைத்திருப்பார்கள். இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாத ரோமைக் கடலோர வீட்டின் முதன்மைப் போனில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

பேங்க், யுபிஐ செயலி திறக்கவில்லை

பூட்லோடர் திறந்திருப்பது கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்புச் சோதனையில் தெரிந்துவிடும். சில செயலிகள் கண்டுகொள்ளாது, சில மறுக்கும். மறைக்கும் தந்திரங்கள் இன்று ஓடும், கூகுள் சோதனையை மாற்றும் நாளில் நின்றுபோகும். பணம் அனுப்ப நிற்கிற நேரத்தில் அது நடக்கும். பேங்க் வேலைக்கு ரோம் மாற்றாத போன் ஒன்று வீட்டில் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். சில போன்களில் வைட்வைனும் (ஓடிடி படங்களின் நகல் தடுப்புப் பூட்டு) எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கி, ஓடிடி படம் மங்கலாகத் தெரியும்.

திரை கறுப்பு, அதிர்வுகூட இல்லை

பவர் பட்டனை 30 நொடி அமுக்கிப் பிடியுங்கள். பிறகு சாதாரண சார்ஜரில் இரண்டு மணி நேரம் விடுங்கள். பேட்டரி அடிமட்டம் போனாலும் இப்படித்தான் இருக்கும். அதன் பிறகு கணினியில் செருகி டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். "க்யூடிலோடர் 9008" என்று வந்தால் குவால்காம் சிப் இடிஎல் நிலையில் உயிரோடு இருக்கிறது. ஷாவ்மியில் இதற்குக் கம்பெனி அங்கீகரித்த கணக்கு வேண்டும், சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும். மீடியாடெக் போர்ட் தோன்றி மறைந்தால் பிரிலோடர் இருக்கிறது. மீடியாடெக் போனில் ரோம் ஏற்றும் கருவியான எஸ்பி ஃபிளாஷ் டூலில் "டவுன்லோட் ஒன்லி" மட்டும். அதன் பக்கத்தில் இருக்கும் "ஃபார்மட் ஆல்" ஐஎம்இஐயையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

பழைய கம்பெனி ரோமுக்கு இறங்கியதால் இந்த நிலை வந்திருக்கலாம். ஆன்டி ரோல்பேக் உள்ள போன், தன்னிடம் இருக்கும் எண்ணைவிடக் குறைந்த எண் கொண்ட பூட்லோடரை ஏற்காது. 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்த பலர் இப்படி மாட்டினார்கள். பிக்சல் 6 வரிசையில் ஆண்ட்ராய்டு 13-ஓடு இதே பூட்டு வந்தது. ஷாவ்மியில் "ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி" என்று கேட்டு, வருகிற எண்ணைவிடக் குறைந்த ரோமைத் தொடாதீர்கள்.

கம்பெனி ரோமுக்குத் திரும்பியதும் பூட்டிக்கொண்டது

ஷாவ்மி போனில் கம்பெனி ரோம் ஏற்றும் மிஃபிளாஷ் கருவியின் கீழ் ஓரத்தில் மூன்று பொத்தான் உண்டு. "கிளீன் ஆல்", "சேவ் யூசர் டேட்டா", "கிளீன் ஆல் அண்ட் லாக்". திறக்கும்போது மூன்றாவதுதான் தேர்வாகியிருக்கும். கவனிக்காமல் ஃபிளாஷ் அமுக்கினால் ரோம் ஏறி முடிந்த கையோடு பூட்லோடர் பூட்டிக்கொள்ளும். சீனச் சந்தைப் போனில் குளோபல் ரோம் ஏற்றிப் பூட்டினால் "இந்த மியுஐ பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது" என்று ரெக்கவரியில் நிற்கும். கஸ்டம் ரோம் இருக்கும்போதே "ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் லாக்" கொடுத்தால் பெரும்பாலான போன்களில் விளைவு இன்னும் மோசம், போன் எழவே எழாது. திரும்பத் திறக்க ஷாவ்மியில் மறுபடி காத்திருக்க வேண்டி வரலாம், ஆண்ட்ராய்டு எழாத போனில் அதற்கும் வழி இல்லாமல் போகலாம்.

முதலில் "கிளீன் ஆல்" தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். போன் எழட்டும். சிம், கேமரா, கைரேகை, வை-ஃபை எல்லாம் இரண்டு நாள் ஓடட்டும். பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணின் சந்தைக்கான ரோம்தானா என்று செட்டிங்ஸில் ஒப்பிட்டுப் பாருங்கள். பேங்க் செயலிக்காகப் பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதன் பிறகு பூட்டுங்கள். பூட்டும்போது டேட்டா மறுபடி அழியும், பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.